புளி போட்டுத் தேய்த்த டிரம்

எங்கள் வீட்டுச் சமையலறைக் குழாயின் கழுத்தில் துருப் புள்ளிகள் வந்துவிட்டன. மாட்டி இரண்டு வருடம்கூட ஆகவில்லை. மாற்றிவிடலாம் என்று மருமகள் போனை எடுத்தாள். "இரு அம்மிணி, ஒரு நிமிசம்" என்று சொல்லிவிட்டு, முந்தின நாள் கடையிலிருந்து சப்பாத்தி சுற்றி வந்த அலுமினியத் தாளைக் குப்பைக் கூடையிலிருந்து எடுத்தேன். கசக்கி, தண்ணீரில் நனைத்து, அழுத்தாமல் தேய்த்தேன். கறுப்பாக ஒரு சேறு வந்தது. துணியால் துடைத்ததும் குழாயில் என் முகம் தெரிந்தது. அது அப்படியொன்றும் பார்த்து ரசிக்கிற முகம் இல்லை என்பது வேறு விஷயம். "இதை எந்த வீடியோவுல பாத்தீங்க அத்தை?" என்று கேட்டாள். சூரியநெல்லிக்கு மேலே ஒரு டிஸ்பென்சரியில் பார்த்தேன் என்றேன். அவள் விழித்தாள். கம்பவுண்டர் அண்ணாச்சியைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தால் சோறு ஆறிப்போகும் என்பதால் அப்போது விட்டுவிட்டேன். அவளுக்குச் சொல்லாததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

கொழிஞ்சாம்பாறைப் பக்கம் நிலமும் மாடுமாக இருந்த குடும்பம் எங்களுடையது. கோயம்புத்தூரில் பிரசவம் பார்க்கப் படித்துவிட்டு, ஐம்பதுகளின் நடுவில் சூரியநெல்லி மலையில் ஒரு தேயிலைத் தோட்டத்து டிஸ்பென்சரியில் நர்சாகச் சேர்ந்தேன். வீட்டை நான் 'ஊடு' என்று சொல்வதைக் கேட்டு அங்கே எல்லோரும் சிரித்தார்கள். அவர்கள் பேசிய திருநெல்வேலித் தமிழைக் கேட்டு நான் சிரித்தேன். அப்படியே பழகிப்போனது. டிஸ்பென்சரி என்பது இரண்டு அறையும் ஒரு தாழ்வாரமும்தான். டாக்டர் வாரத்துக்கு ஒரு முறை வேறு தோட்டத்திலிருந்து ஜீப்பில் வருவார். மற்ற நாட்களில் காய்ச்சல், பேதி, அட்டைக்கடி, பிரசவம் எல்லாவற்றுக்கும் நானும் கம்பவுண்டர் அண்ணாச்சியும்தான் பொறுப்பு.

அண்ணாச்சிக்கு அப்போது நாற்பது வயது இருக்கும். ஒல்லியான, நீளமான மனிதர். காது இரண்டும் தலையை விட்டு விலகி நிற்கும். மருந்து கலக்க மேஜையில் இரண்டு தட்டைக் கரண்டிகள் வைத்திருப்பார். நோயாளி இல்லாத நேரத்தில் அந்தக் கரண்டிகள் அவர் கையில் சும்மா இருக்காது. மேஜை விளிம்பில், பாட்டில் மூடியில், சில நேரம் என் பிரசவப் பெட்டியின் மேல்கூடத் தடதடவென்று ஓடும். கேட்டால், யுத்த காலத்தில் பட்டாளத்து ஆஸ்பத்திரிப் பிரிவோடு பர்மா எல்லை வரை போனதாகவும், அந்தப் பிரிவின் பேண்டில் இரண்டு குச்சியால் அடிக்கும் சைடு டிரம் வாசித்ததாகவும் சொல்வார். பெரிய பெரிய அதிகாரிகள் நின்று கேட்டார்களாம். மழையில் தோல் தொய்ந்துபோனபோதும் தன் டிரம் மட்டும் பேசியதாம்.

இதை ஒருவரும் நம்பவில்லை. போட்டோ இல்லை, சர்டிபிகேட் இல்லை. பட்டாளத்தில் இருந்ததற்குக் காகிதம் இருந்தது, ஆனால் அதில் டிரம் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. தேயிலைத் தொழிற்சாலையைப் பார்த்துக்கொள்ளும் டீமேக்கர் வாரம் ஒரு தடவையாவது தலைவலி மாத்திரை வாங்க வருவார். வந்தால், "அண்ணாச்சி வார்டுல பெட்பேன் தட்டுனதத்தான் டிரம்முங்காரு" என்று சொல்லிச் சிரித்துவிட்டுத்தான் போவார். அண்ணாச்சியும் கூடவே சிரிப்பார். ஆனால் அவருடைய மனைவி சிரிக்கும்போதுதான் அந்த முகம் கொஞ்சம் வாடும். அவரை நான் அக்கா என்பேன். நல்லவர், வெடுக்கென்று பேசுகிறவர். "கல்யாணமான நாளா இந்தக் கதைதான். இவுக சொல்லுததுல பாதி பர்மா மழையில நனைஞ்சு ஊதிப்போனது" என்பார். அண்ணாச்சி கரண்டியைக் கீழே வைத்துவிடுவார். ஒரு மனிதர் தன் இருபத்தெட்டு வயதில் நடந்ததைச் சொல்கிறார், அதை வீட்டிலேயே யாரும் ஏற்கவில்லை என்றால் எப்படி இருக்கும் என்று இன்று நினைக்கிறேன். அன்று நினைக்கவில்லை. நானும் நம்பாதவர்களில் ஒருத்திதான். என் பங்குக்கு நானும் கேலி செய்திருக்கிறேன்.

அந்த டிசம்பரில் துரைசாணியின் குழந்தைக்குக் காது வலி. தோட்டத்து வெள்ளைக்கார மேனேஜரான பெரியதுரையின் மனைவியை எஸ்டேட்டில் துரைசாணி என்றுதான் சொல்வோம். சொட்டு மருந்தோடு அண்ணாச்சி பங்களாவுக்குப் போனார். அங்கே பேச்சு வாக்கில், கிறிஸ்துமஸுக்கு முன்பாக ஒரு சாயங்காலம் சுற்றுவட்டத் தோட்டத்துத் துரைமார்களின் குழந்தைகளுக்குக் கிளப்பில் விருந்து நடக்கப் போவதாகவும், குழந்தைகளை வரிசையாக நடக்கவிட்டு விளையாட்டு வைக்கப் போவதாகவும், பியானோ வாசிக்கத் தான் இருந்தும் டிரம் வாசிக்க ஆள் இல்லை என்றும் அந்தம்மா சொல்லியிருக்கிறார். ஊருக்குத் திரும்பிப் போன ஒரு சின்னதுரையின் டிரம்கள் இரண்டு கிளப்பின் பின்னறையில் கிடந்தன. "நான் வாசிப்பேன் மேடம்" என்று அண்ணாச்சி சொல்லிவிட்டார். எப்படித் தைரியம் வந்ததோ தெரியாது. துரைசாணி அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, அந்தத் துருப்பிடித்த சாமானை ஹாலுக்குள் கொண்டுவர விடமாட்டேன் என்றாராம். கண்ணாடி மாதிரி ஆக்கிக் காட்டினால் வாசிக்கலாம், இல்லாவிட்டால் கிராமபோன் போதும். விருந்துக்கு முந்தின நாள் வந்து பார்ப்பேன் என்றும் சொல்லி அனுப்பினார்.

இரண்டு கூலியாட்கள் டிரம்களைத் தூக்கி வந்து டிஸ்பென்சரித் தாழ்வாரத்தில் வைத்தபோது எனக்கு அழுகையா சிரிப்பா என்று தெரியவில்லை. ஒன்று பெரிய டிரம், ஒன்று சைடு டிரம். வளையம், திருகாணி, பிடிப்பு என்று உலோகமாக இருந்த எல்லாவற்றிலும் ஒரு காலத்தில் குரோமியம் பூசியிருந்திருக்கிறார்கள். மலையின் ஐந்தாறு மழைக்காலம் அதன் மேல் ஏறி உட்கார்ந்திருந்தது. பழுப்பாக, சொரசொரவென்று, தொட்டால் விரலில் ஒட்டியது. சில இடத்தில் பூச்சு கொப்புளம் மாதிரி எழும்பி நின்றது. அண்ணாச்சி சைடு டிரம்மின் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். தோலை ஒரு விரலால் தட்டிப் பார்த்தார். "உசுரு இருக்கு" என்றார். அது போதும் என்பதுபோல் எழுந்துபோய் ஒரு நோயாளிக்குப் புண் கட்டினார்.

மறுநாளே வேலை தொடங்கியது. முதலில் டிரம்களைப் பிரித்தார். பிரித்த திருகாணி ஒவ்வொன்றையும் ஒரு மருந்துக் குப்பியில் போட்டு, மண்ணெண்ணெய் ஊற்றி, எந்த ஓட்டையிலிருந்து வந்தது என்று லேபிள் எழுதி ஒட்டினார். எங்களிடம் இருந்தது 'வேளைக்கு ஒன்று, உணவுக்குப் பின்' என்று அச்சடித்த லேபிள்தான். அதன் கீழே 'மேல் வளையம், இடமிருந்து மூன்று' என்று மையில் எழுதுவார். நோயாளிகளுக்குக்கூட அவ்வளவு அழகாக லேபிள் எழுதி நான் பார்த்ததில்லை. பெரிய டிரம்மின் பிடிப்புகளைச் சோப்பு நீரில் கழுவினார், சாம்பலில் தேய்த்துப் பார்த்தார், சுண்ணாம்பில் தேய்த்துப் பார்த்தார். துரு அசையவில்லை. மணல் போட்டால் கீறல் விழுந்தது. மூன்று நாள் இப்படிப் போனது. நாலாம் நாள் தொழிற்சாலையில் ஒருவனுக்கு விரல் நசுங்கியது என்று மருந்துப் பையோடு போனவர், பை நிறையத் தேயிலைப் பெட்டிக்குள் ஒட்டுகிற தாளின் கழிவுத் துண்டுகளோடு திரும்பி வந்தார். ஈயத்தாள் என்று எல்லோரும் சொல்வோம், உண்மையில் அது அலுமினியம்தான். டீமேக்கரின் பையன் சைக்கிள் கைப்பிடியை அந்தத் தாளால் தேய்த்துக்கொண்டிருந்ததை வழியில் பார்த்தாராம்.

ஈயத்தாளைக் கசக்கித் தண்ணீரில் முக்கி வட்டமாகத் தேய்த்தால் துரு கறுப்புச் சேறாகக் கரைந்து வரும். அழுத்தக் கூடாது, அவசரப்படக் கூடாது. விரற்கடை இடம் முடிந்ததும் பஞ்சால் துடைத்து, அடுத்த விரற்கடைக்குப் போக வேண்டும். கடைசியில் டிஸ்பென்சரியில் மலச்சிக்கலுக்குக் கொடுக்கும் பாரஃபின் எண்ணெயை ஒரு சொட்டு விட்டுத் துணியால் மெருகேற்றுவார். ஒவ்வொரு பிடிப்பாக வெளிச்சம் வந்தது. மருந்து வாங்க வந்தவர்கள் தாழ்வாரத்தில் நின்று அதில் தலை சீவிக்கொண்டார்கள். டீமேக்கர் வந்து பார்த்துவிட்டு, "சாமான் வெளக்குறதுல கெட்டிக்காரர்தான், வாசிப்புதான் சந்தேகம்" என்றார். அண்ணாச்சி அடுத்த விரற்கடைக்குப் போனார். பெரிய டிரம் முடிந்தது. சைடு டிரம்மின் உடம்பும் முடிந்தது. அதன் இரண்டு வளையங்கள் மட்டும் மிச்சம். கொப்புளம் கிளம்பியது அவற்றில்தான் அதிகம், அதனால் கடைசிக்கு வைத்திருந்தார்.

அந்த நேரம் பார்த்து, அம்மை குத்துவதற்கான அம்மைப்பால் மருந்து வாங்கிவர தேவிகுளம் போகச் சொல்லி உத்தரவு வந்தது. போய்வர இரண்டு நாள். திரும்பி வந்த மறுநாளே துரைசாணி பார்க்க வருகிற நாள். கிளம்பும்போது வளையங்களைத் துணியில் சுற்றி வீட்டில் வைத்து, "யாரும் தொடாண்டாம். வந்து பாத்துக்கிடுதேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

நாங்கள் தொட்டோம். முதலில் யாருக்குத் தோன்றியது என்று கடைசிவரை எனக்கும் அக்காவுக்கும் வழக்குத் தீரவில்லை. எப்படியும் ஒரே நாளில் அவரால் இரண்டு வளையத்தையும் முடிக்க முடியாது, துரைசாணி வந்து பார்த்து உதட்டைப் பிதுக்கிவிட்டுப் போவார் என்று இரண்டு பேருக்குமே பயமாக இருந்தது. அதை வெளியே சொல்லிக்கொள்ளவில்லை. "ரெண்டு நாளு பொம்பளையாளு ரெண்டு பேரு சும்மாத்தான இருக்கோம்" என்றார் அக்கா. குத்துவிளக்கும் குடமும் அண்டாவும் பார்த்து வளர்ந்த கைகள் எங்களுடையவை. களிம்பு ஏறிய எதற்கும் எங்களுக்குத் தெரிந்த மருந்து ஒன்றே ஒன்று. மேல் வளையத்தைப் புளியும் உப்பும் கரைத்த தண்ணீரில் ஒரு நாள் முழுக்க ஊறப்போட்டோம். மறுநாள் செங்கல் பொடியும் தேங்காய் நாரும் எடுத்துக்கொண்டு இரண்டு பேரும் எதிரும் புதிருமாக உட்கார்ந்து, பொங்கலுக்கு முதல் நாள் தேய்ப்பதுபோலத் தேய்த்தோம். கறை போயிற்று. கறையோடு தகடு தகடாக ஏதோ வந்தது, அதுவும் அழுக்கு என்றே நினைத்தோம். உள்ளேயிருந்து மஞ்சளாக, கோயில் மணி மாதிரி ஒரு பளபளப்பு வந்தபோது எங்களுக்குத் தலைகால் புரியவில்லை. "பாத்தியா நர்சு, பித்தளையைப் போயி இவ்வளவு நாளு ஒளிச்சு வச்சிருக்கான் வெள்ளக்காரன்!" என்றார் அக்கா.

அண்ணாச்சி வந்தார். மருந்துப் பெட்டியை இறக்கி வைத்தார். வாசலிலேயே நாங்கள் வளையத்தை ஏந்திப் பிடித்துக்கொண்டு நின்றோம். பாராட்டப் போகிறார் என்று நினைத்த நம்பிக்கையை இப்போது எழுதவே வெட்கமாக இருக்கிறது. அவர் வளையத்தை வாங்கி, வெளிச்சத்தில் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். குரோமியம் முழுவதும் போய்விட்டிருந்தது. அவர் முகத்தைப் பார்த்த பிறகுதான் நாங்கள் செய்தது என்ன என்று எனக்குப் புரிந்தது. வெள்ளை டிரம்மின் தலையில் மஞ்சள் வளையம். கீழே கறை பிடித்த இன்னொன்று. விடிந்தால் துரைசாணி. "ஏனுங்க அண்ணாச்சி, நாந்தானுங்க தேச்சேன். என்னைய வையுங்க" என்றேன். அழுதுவிட்டேன். அக்கா சட்டென்று, "அவள வையாதிய. நாந்தான் புளி எடுத்துக் குடுத்தேன்" என்றார். கல்யாணமான நாளாக அந்த டிரம் கதையைக் கேலி செய்தவர், கை இரண்டிலும் செங்கல் பொடியோடு நின்று அதற்காக மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தார். அண்ணாச்சி அந்தக் கைகளைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

பிறகு உள்ளே போய் மற்ற வளையத்தை எடுத்து வந்து எங்கள் முன்னால் வைத்தார். "இதையும் அதே மாதிரி தேயிங்க" என்றார். "ஒண்ணு மட்டும் மஞ்சளா இருந்தா கெடுத்துட்டாங்கன்னு தெரியும். ரெண்டும் மஞ்சளா இருந்தா அப்படிச் செஞ்சதுன்னு நெனைப்பாக. கொப்புளம் எழும்புனது எப்படியும் நிக்காது தாயி. நான் தேச்சிருந்தாலும் உரிஞ்சுதான் வந்திருக்கும்." கடைசியில் சொன்னது என்னைத் தேற்றச் சொன்னது என்று தெரியும். ஊறவைக்க நாள் இல்லை. ஊறாத வளையத்தைப் புளியை அப்படியே வைத்து, மூன்று பேருமாக முறை போட்டுத் தேய்த்தோம். விளக்கு வைப்பதற்குள் முடிந்தது. எனக்கு விரல் நுனிகளில் தோல் போயிருந்தது. அண்ணாச்சி குப்பிகளை வரிசையாக அடுக்கி, லேபிளைப் படித்துப் படித்து, எதிரெதிராக ஒவ்வொரு திருகாணியாக முடுக்கினார்.

துரைசாணி காலையில் வெள்ளைக் கையுறையோடு வந்தார். பெரிய டிரம்மைத் தடவி விரலைப் பார்த்தார், சுத்தம். சைடு டிரம் பக்கம் திரும்பினார். வெள்ளை உடம்பில் மேலும் கீழும் இரண்டு மஞ்சள் வளையம். நான் தாழ்வாரத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஆயாவிடம் கற்ற தமிழில், "இது முந்தி இப்படி இருந்துச்சா?" என்று கேட்டார். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது. நானாக இருந்தால் சொல்லியிருப்பேன், கூடவே கடவுள் மேல் சத்தியமும் செய்திருப்பேன். அண்ணாச்சி, "இல்ல மேடம். வெள்ளையா இருந்துச்சு. எங்க வீட்லயும் நர்சம்மாவும் புளி போட்டுத் தேச்சிட்டாக" என்றார். எனக்கு அந்த நிமிடம் அவர் மேல் வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. துரைசாணி கையுறையைக் கழற்றிவிட்டு வெறும் விரலால் வளையத்தைத் தொட்டார். "புளி? குழம்புல போடுற புளி?" என்றார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். சிரித்து முடித்து, "நாளைக்கு நாலு மணிக்கு வா. சட்டை வெள்ளையா போடு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் குழந்தைகள் யாராவது விழுந்து வைத்தால் மருந்து போட வேண்டும் என்று என்னையும் வரச் சொல்லியிருந்தார்கள். அக்காவைத் துணைக்கு அழைத்துப் போனேன். அதாவது, "நான் எதுக்கு வாரேன், எனக்கு வேலை கிடக்கு" என்று அவர் சொல்லிக்கொண்டே சேலையை மாற்றிக்கொண்டு வந்தார். எங்களுக்கு இடம் கிளப்பின் சமையலறை வாசல். பனியில் டிரம்மின் தோல் தொய்ந்திருந்தது. அண்ணாச்சி அதைச் சமையலறை அடுப்புக்குப் பக்கத்தில் காட்டி, திருப்பித் திருப்பி, விரலால் தட்டிக் கேட்டுக்கொண்டே இருந்தார். சத்தம் இறுகி வந்ததும் எடுத்துக்கொண்டு ஹாலுக்குள் போனார். எங்களைத் திரும்பிப் பார்க்கவில்லை. தொப்பி வைத்த குழந்தைகள் இருபது பேர் வரிசையில் நின்றார்கள். ஜன்னல் கண்ணாடிக்கு வெளியே தோட்டத் தொழிலாளர் குடியிருந்த லயத்துப் பிள்ளைகள் மூக்கை அழுத்திக்கொண்டு நின்றார்கள். துரைசாணி பியானோவில் உட்கார்ந்து தலையசைத்தார்.

முதல் அடியிலேயே ஒரு குச்சி வளையத்தில் பட்டு வழுக்கி ஓடியது. குழந்தைகள் சிரித்தார்கள். அக்கா என் முழங்கையைப் பிடித்தார், நகம் பதிந்தது. அண்ணாச்சி குச்சியை எடுத்தார், உள்ளங்கையைச் சட்டையில் துடைத்தார், கண்ணை மூடிக்கொண்டார். முதலில் எனக்கு எதுவும் கேட்கவில்லை. பிறகு எதிர் மலையில் மழை இறங்கி நம் தகரக் கூரையை நோக்கி வருமே, அப்படி ஒரு சத்தம் மெல்லக் கிளம்பி வந்தது. தனித்தனி அடி என்று பிரிக்க முடியவில்லை. அது ஹால் முழுக்க நிறைந்து, சட்டென்று நின்று, நடைக்கு ஏற்ற தாளமாக மாறியது. பியானோ திணறி ஒரு இடத்தில் வேகமாக ஓடியது, இன்னொரு இடத்தில் தடுக்கியது. அவர் விட்டுக் கொடுத்தும் இழுத்துப் பிடித்தும் அதைக் கூடவே கூட்டிக்கொண்டு போனார். குழந்தைகள் காலை உதைத்து நடந்தார்கள். ஜன்னலுக்கு வெளியேயும் கால்கள் நடந்தன. எனக்குச் சங்கீதம் ஒன்றும் தெரியாது. ஆனால் மேஜை விளிம்பில் கரண்டியால் அவர் தட்டியதெல்லாம் இதுதான் என்று தெரிந்தது. அத்தனை நாள் இதையா கேலி செய்தோம்! கண்ணைத் துடைத்துக்கொண்டு அக்காவைப் பார்த்தேன்.

அக்கா அழவில்லை. கன்னத்தில் கை வைத்துக்கொண்டு ஏதோ கணக்குப் போடுவதுபோல் நின்றார். "என்னங்கக்கா?" என்றேன். மெல்லிய குரலில் சொன்னார்: "அப்ப மெய்யாத்தான் அடிச்சிருக்காக." ஆமாம் என்று தலையாட்டினேன். "இல்ல நர்சு. இந்த டிரம்மு கதையோட சேத்து இன்னொரு கதையும் சொல்லுவாக. அங்க ஆஸ்பத்திரில ஒரு வெள்ளக்கார நர்சு, இவுகளத்தான் கட்டிக்கிடுவேன்னு பின்னாலயே சுத்துனாளாம். அது பொய்யின்னா இதுவும் பொய்யாத்தான இருக்கணும்னு நான் ரெண்டையும் சேத்தே தள்ளிட்டேன். இப்ப என்ன செய்ய?" சொல்லிவிட்டு, நர்ஸ் உடையில் நின்ற என்னையே ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

வாசிப்பு முடிந்து கைதட்டல் அடங்கியதும் அண்ணாச்சி சமையலறைக்குள் வந்தார். டிசம்பர் குளிரிலும் நெற்றியெல்லாம் வேர்வை. டீமேக்கர் பற்றியோ துரைசாணி பற்றியோ ஒரு வார்த்தை கேட்கவில்லை. நேரே அக்கா முன்னால் வந்து நின்றார்.

"ஏளா, கேட்டியா?"

"கேட்டேன்."

"இப்பமாவது நம்புதியா?"

அக்கா அடுப்பு மேலிருந்த கெட்டிலை எடுத்தார், ஒரு பீங்கான் கோப்பை நிறையத் தேநீர் ஊற்றினார், சர்க்கரையை வழக்கத்தைவிட ஒரு கரண்டி கூடுதலாகப் போட்டுக் கலக்கி அவர் கையில் கொடுத்தார். "டிரம்மு அடிச்சத நம்புதேன்" என்றார்.

அண்ணாச்சி முதலில் புரியாமல் கோப்பையோடு நின்றார். புரிந்ததும், சமையற்காரர் திரும்பிப் பார்க்கும்படி, தேநீர் சட்டையில் சிந்தும்படி சிரித்தார். அக்கா முந்தானையை எடுத்து அவர் சட்டையைத் துடைத்துவிட்டுக்கொண்டே, "மெல்ல, மெல்ல" என்றார்.